அமைச்சரவை வீழும் முறை: பிரித்தானியாவும் ஜெர்மனியும்

ஓர் அரசு எவ்வாறு அமைகின்றது என்பதைக் கூறும் நூல்கள் பல. அஃது எவ்வாறு வீழ்கின்றது என்பதை விரித்துரைப்பன சிலவே. வாக்குரிமை, தேர்தல், அமைச்சர் நியமனம் ஆகியவற்றை நிரம்ப விளக்குவோரும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுவர். இரு நாட்டு ஆட்சி முறைகளை ஒப்பிட விழைவார்க்கு அப்பகுதியே பெரிதும் துணை செய்யும் என்பது நம் கருத்து. பிரித்தானியா முடியாட்சி, ஜெர்மனி குடியரசு. இவ்வேறுபாடு பெயரளவில் பெரிதாகத் தோன்றினும் ஈண்டு இன்றியமையாததன்று. இரண்டிலும் அமைச்சரவை மக்கள் பேராளர் அவைக்கே பொறுப்புடையது. அவ்வவை தன் நம்பிக்கையைத் திரும்பப் பெறும்பொழுது என்ன நிகழ்கின்றது என்பதிலேயே இரு முறைகளும் பிரிகின்றன.

பிரித்தானியாவில் இதனை வரையறுக்கும் தனிச் சட்டம் நெடுங்காலம் இருந்ததில்லை. காமன்ஸ் அவையின் நம்பிக்கையை இழந்த தலைமை அமைச்சர் பதவி விலகுதல் வேண்டும்; அன்றேல் அவையைக் கலைக்குமாறு முடியரசை வேண்டுதல் வேண்டும். இது வழக்கு, நூற்பா அன்று. 1979 மார்ச்சு 28 அன்று ஜேம்ஸ் கலகனின் அமைச்சரவை 311க்கு 310 என ஒரே வாக்கில் தோற்றது. நோயுற்றிருந்த ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அவைக்கு வரவில்லை. வட அயர்லாந்து உறுப்பினர் ஒருவர் வந்திருந்தும் எப்பக்கமும் வாக்களிக்கவில்லை. கலைப்பை வேண்டுவதாகத் தலைமை அமைச்சர் அன்றிரவே அறிவித்தார். எச்சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, வழக்கு கட்டாயப்படுத்திற்று.

ஆயின் அந்த 311 பேர் யாவர்? பழமைக் கட்சியினர், தாராளக் கட்சியினர், ஸ்காட்லாந்துத் தேசியக் கட்சியினர், வட அயர்லாந்தினர் சிலர். கலகனை வீழ்த்துதல் என்னும் ஒன்றிலன்றி வேறெதிலும் இவர்கள் ஒருமித்தாரல்லர். ஸ்காட்லாந்துக் கட்சி அடுத்து வந்த மே 3 தேர்தலில் தன் 11 இடங்களுள் 9ஐ இழந்தது. வீழ்த்துவதில் ஒன்றுபட்டோர் ஆள்வதில் ஒன்றுபட வேண்டுவதில்லை. பிரித்தானியாவில் இதனால் கேடு விளையவில்லை. மக்கள் வாக்களித்தனர், மார்கரெட் தாட்சரின் கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை கிட்டியது. இதே நிலை ஜெர்மனியில் வேறு வகையாக முடிந்தது. அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பின் 54ஆம் பிரிவு, ரைக்ஸ்டாக் அவை நம்பிக்கையைத் திரும்பப் பெற்றால் சான்சலர் விலகவேண்டும் என்றது. அடுத்து ஆள்வார் யார் என்பது பற்றி அப்பிரிவு ஒன்றும் கூறவில்லை. 1932 சூலைத் தேர்தலில் நாஜிக் கட்சி 230 இடங்களையும் பொதுவுடைமைக் கட்சி 89 இடங்களையும் பெற்றன. மொத்த இடங்கள் 608. ஒன்றையொன்று அழிக்க விரும்பிய இரு கட்சிகள் சேர்ந்து பெரும்பான்மையாயின! செப்டம்பர் 12 அன்று சான்சலர் பாப்பன்மீது பொதுவுடைமையர் தீர்மானம் கொணர்ந்தனர். பாப்பன் கலைப்பு ஆணையுடன் அவையில் எழுந்து நின்றார். அவைத் தலைவர் கோரிங் அவரைக் காணாதவர் போல் வாக்கெடுப்பைத் தொடங்கினார். பாப்பன் ஆணையைத் தலைவரின் மேசைமீது வைத்துவிட்டு வெளியேறினார். தீர்மானத்திற்கு ஆதரவாக 512 வாக்குகள், எதிராக 42. கலைப்பு ஆணை முந்தியது என்பதனால் வாக்கெடுப்புச் செல்லாதாயிற்று. ஓர் அவை தன் வெறுப்பை இத்துணைப் பெரும்பான்மையுடன் அறிவித்தும், அதனால் ஓர் அரசைத் தோற்றுவிக்க இயலாமற் போயிற்று.

1949 மே 23 அன்று வெளியிடப்பெற்ற அடிப்படைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு இந்நினைவிற் பிறந்தது. அவை தன் உறுப்பினர் பெரும்பான்மையால் புதிய சான்சலரைத் தேர்ந்தெடுத்தாலன்றிப் பழையவரை நீக்க இயலாது. தீர்மானத்திற்கும் தேர்வுக்கும் இடையே 48 மணி நேரம் கழிதல் வேண்டும். இதனை 'ஆக்க நம்பிக்கையின்மை' எனலாம். ஆக்கமும் இன்மையும் ஒரு தொடரில் முரணி நிற்பது போலத் தோன்றும். அம்முரணே அப்பிரிவின் கருத்து. வெற்றிடத்தை விட்டுச் செல்லும் உரிமையை அஃது அவைக்கு அளிக்கவில்லை.

ஜெர்மனியின் பிற்கால உறுதிப்பாடு முழுவதையும் இவ்வொரு பிரிவிற்கே உரித்தாக்குவாரும் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் துணியோம். 1932இல் இப்பிரிவு இருந்திருப்பினும் பாப்பனுக்குப் பெரும்பான்மை கிட்டியிராது. அவர் நாற்காலி மட்டும் காக்கப்பட்டிருக்கும். இதற்குச் சான்று 1972இல் கிடைத்தது. ஏப்ரல் 27 அன்று வில்லி பிராண்டுக்கு எதிராக நின்ற ரைனர் பார்ட்சல் 247 வாக்குகள் பெற்றார், வேண்டியவை 249. (கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை இதிற் கையூட்டு அளித்திருந்தமை பின்னர் வெளிப்பட்டது.) பிராண்ட் நிலைத்தார். ஆனால் மறுநாளே அவருடைய அலுவலகச் செலவுத் திட்டம் 247க்கு 247 எனச் சமன்பட்டுத் தோற்றது. வீழாமை வேறு, ஆளும் ஆற்றல் வேறு. இப்பிரிவு முன்னையதைத் தரும், பின்னையதைத் தாராது. அது வெற்றி கண்டது ஒரே முறை: 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோலை 256 வாக்குகளால் அமர்த்தியபொழுது.

இலக்கணம் பயில்வார்க்குப் புறனடை புதிதன்று. 67ஆம் பிரிவுக்கு 68ஆம் பிரிவு ஏறத்தாழப் புறனடையாயிற்று. சான்சலர் தாமே நம்பிக்கை கோரித் தோற்பின், அவர் வேண்டுகோளின்படி குடியரசுத் தலைவர் 21 நாட்களுக்குள் அவையைக் கலைக்கலாம். பிராண்ட் 1972 செப்டம்பரிலும், கோல் 1982 டிசம்பரிலும், ஷ்ரோடர் 2005இலும் தோற்பதற்கென்றே நம்பிக்கை கோரினர். கோலின் செயலை அரசியலமைப்பு நீதிமன்றம் 1983இல் ஆராய்ந்து வரம்புகளுடன் ஏற்றது. 2024 டிசம்பர் 16 அன்று ஓலாப் ஷோல்சும் 207க்கு 394 எனத் தோற்று, 2025 பிப்ரவரி 23இல் தேர்தலுக்கு வழி செய்தார். எழுதிய விதியினூடே எழுதாத வழக்கொன்று முளைத்துவிட்டது.

இதன் மறுதலை பிரித்தானியாவில் நிகழ்ந்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் வேண்டுமாயின் உறுப்பினருள் மூன்றில் இருபங்கினர் இசைய வேண்டும் அல்லது குறித்த சொற்களில் அமைந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்று விதித்தது. 2019 சனவரி 15 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவதற்குத் தெரசா மே கொணர்ந்த உடன்படிக்கை 432க்கு 202 எனத் தோற்றது. தம் தலையாய கொள்கையில் இவ்வாறு தோற்றவர், மறுநாள் நம்பிக்கை வாக்கெடுப்பில் 325க்கு 306 என வென்று பதவியில் தொடர்ந்தார். பிராண்டின் நிலையை இது நினைவூட்டுகின்றது. அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் தேர்தல் வேண்டி மும்முறை முயன்றும் மூன்றில் இருபங்கு எய்தாமல், இறுதியில் எளிய பெரும்பான்மையால் தனிச் சட்டம் இயற்றி அவ்விதியைக் கடந்தார். 2022இல் 2011ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. வழக்கு மீண்டும் அரியணை ஏறிற்று.

அவ்வாண்டே லிஸ் டிரஸ் ஐம்பது நாட்கள் நிறையுமுன் பதவி இழந்தார். அவர்மீது காமன்ஸ் அவை நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதனையும் நிறைவேற்றவில்லை. அவருடைய கட்சி உறுப்பினரின் ஆதரவே அவரை விட்டு நீங்கிற்று. 1990இல் தாட்சர் விலகியதும் அவ்வாறே. ஜெர்மனியில் 2024இல் ஷோல்சின் ஆட்சி தளர்ந்ததும் அவையின் வாக்கெடுப்பால் அன்று. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே, நவம்பர் 6 அன்று, மூன்று கட்சிகளின் கூட்டணி முறிந்திருந்தது. இரு நாட்டிலும் அவை பதிவு செய்த முடிவு, பெரும்பாலும் அவைக்கு வெளியே முன்னரே எய்தப்பட்டதாக இருந்தது.