மாயாவின் 'கலா'விலிருந்து தொடங்குங்கள்

பெரிய இசை நிறுவனங்களின் பிடிக்கு வெளியே வளர்ந்த கிட்டார் இசைதான் இண்டி றொக். அதைப் புதிதாகக் கேட்க விரும்பும் இளையோருக்கு நான் முதலில் சொல்வது மாயா அருள்பிரகாசத்தின், அதாவது எம்.ஐ.ஏ.யின், 'கலா'. தாயின் பெயர் வைத்த அந்த அல்பம் 2007 ஓகஸ்டில் வந்தது. முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டு அப்போது ஓராண்டு. மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடான வன்னியில் இறுவட்டை யார் தேடியிருப்பார்?

'கலா' றொக் அல்ல. உறுமியும் கணினித் தாளமும் கலந்த ஆட்டப் பாட்டுகள். சில பகுதிகள் சென்னையில் பதிவானவை. ஆனால் பழைய அல்பங்கள் பல அதற்குள் ஒளிந்திருக்கின்றன. முதற்பாட்டில் 'தளபதி' படத்தின் இளையராஜா இசைத் துண்டு ஒன்று கேட்கும். அதன்மேல் மாயா சொல்லும் வரிகள் மொடர்ன் லவர்ஸ் குழுவின் 'றோட்ரன்னர்' பாட்டைத் தழுவியவை. குழுவின் பெயரிலேயே வந்த அவர்களின் 1976 அல்பத்தை அடுத்துக் கேளுங்கள். வித்தை எதுவுமில்லை, இரவில் கார் ஓட்டும் சந்தோசம் மட்டும்.

'20 டொலர்' பாட்டில் பிக்சீஸின் வரிகள் வரும். அவர்களின் 'சேர்பர் றோசா' (1988) மெல்லத் தொடங்கித் திடீரென அலறும். நிர்வானா பழகியது இவர்களிடம்தான்.

'பேப்பர் பிளேன்ஸ்' இசை, க்ளாஷ் குழுவின் 'கொம்பட் றொக்' (1982) அல்பத்திலிருந்து எடுத்தது. க்ளாஷ் பெரிய நிறுவனக்காரர்; கறாராகப் பார்த்தால் இண்டியில் சேராது. பரவாயில்லை. அமெரிக்கப் படையினருக்குப் பிறந்து வியட்நாமில் கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் பேசும் பாட்டு அது. அந்த இசையில் ஏறி நின்றுதான் மாயா, குடியேறிகளைக் கண்டு பயப்படுவோரைக் கேலி செய்கிறார்.

இடையில் வேட்டுச் சத்தம் வரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்போனில் கேளுங்கள்.