1815: கண்டிக்குள் வந்த படை – யார் பார்வையில் என்ன?

மாணவர்களே, கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி பற்றிய வினாவுக்கு “ஆங்கிலேயர் படையெடுத்துக் கைப்பற்றினர்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கொடுங்கோல் மன்னனிடமிருந்து மக்களை மீட்கவே படை வருகிறது என்றார் ஆளுநர் பிரவுண்றிக். எஹெலபொல முதலிய பிரதானிகளும் அதை உதவியாகவே கண்டனர். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அகன்றால் அதிகாரம் தம் கைக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. 1815 மார்ச் 2இல் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆனால் வந்த படை திரும்பிப் போகவில்லை. (குடியானவரை எவரும் கேட்கவுமில்லை.)

1817-18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பிட்டிபொல, கிளர்ச்சியாளருடனேயே சேர்ந்தார். ஆங்கிலேயருக்கு அவர் துரோகி; மக்களுக்கு வீரர். 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அக்கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் எனக் குறித்த பிரகடனத்தை இலங்கை அரசு இரத்துச் செய்தது 2016இல்தான்!

நமது கடுகண்ணாவைக் கணவாயையும் உதாரணமாகக் காட்டலாம். 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் அமைத்த கண்டி வீதியை ஆங்கிலேயர் முன்னேற்றம் என்றனர். கண்டிக்குப் படையை விரைந்து அனுப்புவதே அதன் முக்கிய நோக்கம். பொறியியலாளர் டோசனுக்குக் கோபுரம் எழுந்தது. இராஜகாரிய முறையில் கூலியின்றிக் கல்லுடைத்தவருக்கோ அவ்வீதி பெருஞ்சுமை. கோல்புறூக் சீர்திருத்தத்துடனேயே அம்முறை ஒழிந்தது. இதையும் விடையில் சேருங்கள்.