சர்க்கரை இருக்கா? விழித்திரையைப் பார்த்தீங்களா?

நம் உழவர் கூட்டங்களில் சர்க்கரை நோய் என்று பேச்சு வந்தால் கால் புண்ணும் சிறுநீரகமும்தான் அடிபடும். கண்ணை யாரும் சொல்வதில்லை. பார்வை மங்கினால் 'வயசாச்சு, புரை விழுந்திருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். புரையாக இருந்தால் பரவாயில்லை, லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். சர்க்கரையால் விழித்திரை கெட்டால் பல நேரம் போன பார்வை போனதுதான்.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் தலைமுடியை விட மெல்லியவை. சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழாயில் சில இடம் அடைத்துக்கொள்ளும், சில இடம் ஒழுகும். வருடக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் இங்கேயும் அந்த இரண்டும் நடக்கிறது. ஒழுகும் நீர் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் அந்த இடம் வீங்கி, எழுத்தும் முகமும் கலங்கும். அடைத்த பக்கம் ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை புது நாளங்களை வளர்க்கப் பார்க்கும். அவை வலுவில்லாதவை. வெடித்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவும்; தழும்பு விழுந்து விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும்.

பயிர் வாடினால் நமக்குத் தெரிந்துவிடும். கண் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஆரம்பத்தில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது, பேப்பர்கூட நன்றாகப் படிக்கலாம்.

உலகம் முழுக்க 2020-ல் 10 கோடிப் பேருக்கு மேல் இந்தப் பாதிப்பு இருந்தது. 2045-ல் 16 கோடி ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். கிராமத்தில் பெரியவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 9 பேர். பட்டணத்து வியாதி என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் தடுக்க முடிகிற குருடு இது. இங்கிலாந்தில் 2003-லிருந்து சர்க்கரை உள்ளவர்களின் விழித்திரையை வருடம் ஒருமுறை படம் எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு அங்கே 50 வருடமாக முதல் காரணமாக இருந்த நோய், 2009-10 கணக்கில் அந்த இடத்தை இழந்தது.

இயற்கை விவசாயிகளான நமக்குள் ஒன்றைச் சொல்லணும். 'மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறிட்டேன், மாத்திரையை நிறுத்திட்டேன்' என்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தீட்டாத அரிசி நல்லதுதான், வெள்ளை அரிசியை விட மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும். இருந்தாலும் அரிசி அரிசிதான், அளவு தப்பினால் ஏறத்தான் செய்யும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. ரத்தத்துக்கு அது ரசாயனம் போடாத கரும்பா என்று தெரியாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான் நடக்கணும்.

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் ஒரு டெஸ்ட்டை மட்டும் நம்பாதீர்கள். பேங்கில் ஒருநாள் இருப்பை வைத்து ஒரு கணக்கை எடைபோட மாட்டோம், சராசரி இருப்பைத்தான் பார்ப்போம். எச்பிஏ1சி என்ற பரிசோதனை கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கணும், அதுவும் இதே நாளங்களைத்தான் கெடுக்கிறது.

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை என்றால், நோய் தெரிந்த உடனேயே ஒருமுறை விழித்திரையைப் பார்க்கணும். அதன்பிறகு பொதுவாக வருடம் ஒருமுறை. பாதிப்பு இருந்தால் டாக்டர் சீக்கிரமே வரச்சொல்வார். சர்க்கரை உள்ள பெண்கள் கர்ப்பமானால் தொடக்கத்திலேயே பார்த்துவிடணும். முகாமில் டார்ச் அடித்து 'புரை இல்லை' என்று சொன்னதோடு திரும்பிவிடாதீர்கள். 'எனக்குச் சர்க்கரை இருக்கு, விழித்திரை பார்க்கணும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. இருக்கிற பார்வையைக் காப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை, அதனால் சீக்கிரம் போகிறவருக்கே பலன் அதிகம்.

பரிசோதனைக்குக் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் வெயில் கூசும், கிட்டப்பார்வை கலங்கும். டூவீலரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாமல், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.