மூன்று கடிகாரங்கள் காட்டிய நேரம்

சில ஆண்டுகளுக்கு முன் அந்தமானில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் கிளையின் வாடிக்கையாளரான உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வந்து, பள்ளிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியில் நேரக் காப்பாளர்களாக உதவ இயலுமா என்று கேட்டார். இரண்டாம் சனிக்கிழமையாதலால் மறுப்பதற்குக் காரணம் அகப்படவில்லை. மூவர் இசைந்தோம். எண்களோடு வாழ்பவர்களுக்கு ஸ்டாப்வாட்ச் என்ன பெரிய கம்பசூத்திரமா என்ற எண்ணமும் இருந்தது.

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில், விடியற்காலையில் நாங்கள் மைதானத்தை அடைந்தபோது ஆசிரியர்கள் சிலர் குனிந்து சுண்ணாம்புக் கோடு இட்டுக்கொண்டிருந்தனர். முந்தைய மாலை இட்ட கோடுகளை இரவு மழை கரைத்துவிட்டதாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இது புதிதன்று. கோடிடுவதும் எளிய வேலையன்று. 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்தில் ஓடுபவர் வளைவில் கூடுதல் தூரம் ஓட நேர்வதால், இரண்டாம் தடத்தின் தொடக்கக் கோட்டை 7.04 மீட்டர் முன்னே தள்ளி இடவேண்டும். அடுத்தடுத்த தடங்களுக்கு மேலும் 7.67 மீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே செல்லவேண்டும். நாடாவும் கயிறும் கொண்டு, ஈர மண்ணில், ஒருவர் அளக்க மற்றொருவர் சரிபார்த்தார். ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கும் எங்கள் நடைமுறை அங்கும் இருக்கக் கண்டு மகிழ்ந்தோம்.

அவர்களில் சிலர் கப்பலில் வந்தவர்கள். கார் நிக்கோபார் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. காம்ப்பெல் பே அதனினும் வெகுதூரம். கடல் சீறினால் கப்பல் புறப்படாது. திரும்பும் நாளும் உறுதியில்லை. அக்கப்பல்களில் மாணவர்களுக்குத் துணையாக வருபவரும், மறுநாள் மைதானத்தில் நடுவராக நிற்பவரும் பெரும்பாலும் ஒரே ஆசிரியரே. 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த இளையோர் உலக மிதிவண்டிப் போட்டியில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பன் இத்தீவுகளின் மைந்தர். அவர் பெயரை நாடறியும். பள்ளி மைதானங்களில் கொடி பிடித்து நின்றவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

எங்களை நாடி வந்த ஆசிரியரே தலைமை நேரக் காப்பாளர். அவர் எங்களுக்கு அளித்த முதல் பாடம், காதை நம்பாதீர்கள் என்பது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது. 100 மீட்டர் அப்பால் கிளாப்பர் பலகைகள் மோதும் ஓசை இறுதிக்கோட்டில் நிற்பவருக்கு எட்ட 0.3 வினாடி ஆகும். ஆகவே பலகைகள் இணைவதைக் கண்டதும் பொத்தானை அழுத்தவேண்டும். கையால் எடுக்கும் நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்கிற்கு மேல்நோக்கித்தான் முழுமையாக்கவேண்டும்: 12.31 என்பது 12.3 அன்று, 12.4. ஐம்பது பைசாவுக்குக் கீழ் இருந்தால் விட்டுவிடும் எங்கள் கணக்கு அங்கே செல்லாது. மூன்று கடிகாரங்களில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளது.

மாணவர் 100 மீட்டர் தகுதிச் சுற்றுகளில் மூன்றாவதாக வருபவரின் நேரம் எங்கள் பொறுப்பு. இறுதிப் போட்டியில் எஞ்சியிருந்த ஒரே இடம் அந்த நேரத்தைக் கொண்டே முடிவாகவிருந்தது. முந்தைய சுற்றில் மூன்றாவதாக வந்தவர் 12.3. அடுத்த சுற்று முடிந்ததும் எங்கள் கடிகாரங்கள் காட்டியவை 12.31, 12.34, 12.08. அந்தக் கடைசிக் கடிகாரத்துக்குரிய சகஊழியர், தாம் துல்லியமாகவே அழுத்தியதாக வாதிட்டார். வங்கியில் அவருக்கு ரொக்கம் ஒருநாளும் குறைந்ததில்லை என்பது உண்மைதான். ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பலகையைப் பார்த்தீர்களா, ஓசையைக் கேட்டீர்களா? சகஊழியர் மௌனமானார். ஏட்டில் 12.4 என்று பதிவாயிற்று.

வாய்ப்பிழந்த அந்த மாணவன் ஆசிரியரின் சொந்தப் பள்ளியைச் சேர்ந்தவன், அவருடன் அதே கப்பலில் வந்தவன் என்பது மதிய உணவின்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் வந்து கேட்டபோது ஏட்டைத் திறந்து மூன்று எண்களையும் காட்டி, விதியையும் விளக்கினார். அவன் சிறிது நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நீளம் தாண்டும் குழியில் மணலைச் சமன் செய்யச் சென்றுவிட்டான்.

பணத்துக்காக எவரும் இதற்கு வரமாட்டார்கள் என்பது கண்கூடு. பின் எதற்காக? திங்களன்று கணக்குப் புத்தகத்தில் பதிவிட வந்தவரிடம் கேட்டோம். பள்ளி நாளில் தாம் முதலாவதாக வந்த ஓட்டமொன்றில் கவனக்குறைவாக இரண்டாம் இடம் எழுதப்பட்டதாகவும், எழுதியவர் தீயவர் அல்லர், பார்க்கவில்லை, அவ்வளவே என்றும் சொன்னார். எந்த ஊர், எந்த நடுவர் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வசதி மிகுந்த நாடுகளிலும் இத்தகையோர் அருகி வருகின்றனர். அமெரிக்காவில் 2018-19க்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளி நடுவர்கள் ஏறத்தாழ 50,000 பேர் விலகினர். அதற்கு முன்பே, 2017-இல் 17,000க்கும் மேற்பட்ட நடுவர்களிடம் எடுத்த ஆய்வில், தொல்லை தருவோருள் முதலிடம் பெற்றோருக்கே கிடைத்தது! கால்பந்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகளை எண்ணிக் கண்டவரும் ஒரு பள்ளி ஆசிரியரே. கென் ஆஸ்டன் என்னும் அந்த ஆங்கிலேயருக்கு 1966-இல் லண்டன் சாலைச் சமிக்ஞை விளக்கு தந்த யோசனை, 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது. மொழி புரியாதவருக்கும் முடிவு புரியவேண்டும் என்பது அவர் கவலை. பல மொழிகள் பேசும் பிள்ளைகள் ஒரே கோட்டில் நிற்கும் தீவுகளில் அதன் அருமை நன்கு விளங்கும்.

மறு ஆண்டும் அழைப்பு வந்தது. இம்முறை ஐவர் சென்றோம். 12.08 எடுத்த சகஊழியர் மட்டும் அதற்கு முந்தைய வாரம் முழுவதும், உணவு இடைவேளைகளில், காவலரை எதிர்ப்புற நடைபாதையில் நிறுத்தி இரண்டு அட்டைகளைத் தட்டச் சொல்லி, பொத்தானை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார்.