வானிலிருந்து எண்ணப்படும் நீர்ப்பறவைகள்

எண்ணி வைக்காத செல்வம் குறைவதை எவரும் அறியார். நீர்ப்பறவைகளாகிய இயற்கைச் செல்வத்திற்கும் இது பொருந்தும்.

திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழில் வட்டாரத்தில் அமைந்துள்ள பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்காவும் உண்டு. பரந்த ஏரியும் உண்டு. இத்தகைய ஏரிகளில் இரைதேடும் நாரை, நீர்க்காகம், நாமக்கோழி முதலியவற்றின் தொகையை எவ்வாறு அறிவது?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் நடைபெற்று வருகிறது. கரையில் நின்று தொலைநோக்கியால் எண்ணுவதே வழக்கம். ஆயின், முன்னிற்கும் பறவை பின்னிற்பதை மறைக்கும். கூட்டம் எழுந்து பறப்பின் கணக்குத் தவறும்.

இக்குறையை நீக்க வந்ததே டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி. அது மேலிருந்து எடுக்கும் படத்தில் பறவைகள் தனித்தனியே தெரியும். ஐயம் எழின் மீண்டும் எண்ணலாம். ஆஸ்திரேலிய நாட்டின் அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உண்மைத் தொகை தெரிந்திருக்க வேண்டுமென்று, செயற்கைப் பறவைகளைக் கடற்கரையில் பரப்பி இருமுறையிலும் எண்ணச் செய்தனர். டிரோன்வழிக் கணக்கு 43 முதல் 96 விழுக்காடு வரை கூடுதல் துல்லியமுடையதென 2018இல் வெளியிட்டனர்.

பறவைகள் அஞ்சாவோ? பிரான்சில் நடைபெற்று 2015இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு எண்பது முறை, 4 மீட்டர் வரை நெருங்கியும் பறவைகள் கலங்கவில்லை. ஆனால் தலைக்கு நேர்மேலே செங்குத்தாக இறங்கியபோது மிகுதியாகக் கலங்கின. வேட்டைப் பறவை பாய்வதும் அவ்வாறன்றோ! கூடுகட்டும் காலத்தில் தாய்ப்பறவை வெருண்டெழின் முட்டைகள் காகத்திற்கு இரையாகும். எனவே விலகிப் பறத்தலே அறம். சரணாலயங்களில் வனத்துறையின் இசைவும் இன்றியமையாதது.

கோரைப்புதருள் ஒளியும் தாழைக்கோழியையும் நீரில் மூழ்கும் முக்குளிப்பானையும் வானூர்தி காணாது. ஆதலின் கருவி கண்ணுக்குத் துணையேயன்றி மாற்றன்று. ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில், ஒரே உயரத்தில், ஒரே வழியில் பறந்து எடுத்த கணக்குகளே ஒப்பிடத் தக்கவை.

வேடந்தாங்கல் மக்கள், எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்து பறவைகளைக் காத்தனர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசிடம் காப்பாணையும் பெற்றனர். 2022இல் அவ்வூர் ராம்சார் தலமாயிற்று. சரணாலயம் என்னும் பெயர் பெறாத ஏரிகளுக்கோ, ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கே முதற் காவல். ஏரியில் மண் நிரப்பப்படும்போதும் கழிவு கலக்கும்போதும் மன்றத்தில் எடுத்துரைக்கச் சான்று வேண்டுமன்றோ?

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறை உணர்த்தும் நெறி. அண்டை வீட்டாரின் நலம் அறியாதிருத்தல் நமக்கு அழகன்று. தமிழும் விலங்கியலும் பயிலும் மாணாக்கர் ஒன்றுகூடி, அருகிலுள்ள ஏரியின் பறவைக் கணக்கை இவ்வாண்டே தொடங்குவாராக!