துடைக்கும் முன் பாருங்கள்!

எந்த பாலிடெக்னிக் லேபுக்குப் போனாலும் மூலையில் ஓர் அலமாரி இருக்கும். கோடு வராத சி.ஆர்.ஓ., எண் நிற்காமல் ஓடும் டிஜிட்டல் மீட்டர், வாய் திறக்காத பங்ஷன் ஜெனரேட்டர் என்று எல்லாம் அங்கே ‘கண்டம்’ ஆகக் காத்திருக்கும். இந்தப் பக்கம் ஒரே சி.ஆர்.ஓ.வைச் சுற்றி ஆறு பேர் நிற்போம். ஒருவர் குமிழைத் திருகுவார், மீதி ஐந்து பேர் எட்டிப் பார்த்து ரெக்கார்டில் வரைவோம். அலமாரியில் கிடப்பவற்றில் பலவற்றுக்குப் பெரிய வியாதி ஒன்றும் இருக்காது. அழுக்கு, ஈரம், காய்ந்துபோன கெப்பாசிட்டர், விட்டுப்போன சால்டரிங், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

‘கரண்ட் செம்பில்தானே ஓடுகிறது, மேலே தூசி இருந்தால் என்ன?’ என்று கேட்கலாம். தறி ஓடும் வீட்டில் நூல் தூசி எங்கெல்லாம் படியும் என்று தெள்ளார், ஆரணிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூசி சும்மா இருக்கும்வரை கெடுதல் இல்லை. ஐப்பசி மழையில் ஈரத்தைக் குடித்துவிட்டால் அதுவே ஒரு மின்தடை ஆகிவிடும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மீட்டரின் நுழைவில் 9 மெகா ஓம், 1 மெகா ஓம் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக்குகின்றன. 9 மெகா ஓமுக்குக் குறுக்கே அழுக்கு 100 மெகா ஓம் கசிவை உண்டாக்கினால், அந்த 9 என்பது சுமார் 8.26 ஆகிவிடும். 100 வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் 108 காட்டும். கோடையில் உண்மை பேசிய மீட்டர் கார்த்திகையில் பொய் பேசுவது இப்படித்தான்.

அதற்காக மூடியைக் கழற்றியதும் துணியை எடுத்துவிடாதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.விலேயே பிக்சர் டியூப் பக்கம் சுமார் 2000 வோல்ட் இருக்கும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கும். லேப் ஆசிரியர் முன்னிலையில் அதை இறக்கிய பிறகுதான் உள்ளே கை போகணும். இன்னொன்று: ஐ.சி.களைக் காக்க மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டையை, கருவி உயிரோடு இருக்கும்போது, அதுவும் ஹை வோல்டேஜ் பக்கத்தில், கட்டவே கூடாது.

இப்போது பாருங்கள், மோந்தும் பாருங்கள். அழுக்கு ஒரு சாட்சி. ஓர் இடத்தில் மட்டும் தூசி கறுப்பாக அப்பியிருந்தால் அங்கே ஹை வோல்டேஜ் இருக்கிறது, ஒருவேளை கசிகிறது. மின்தடைக்கு அடியில் போர்டு பழுப்பாக இருந்தால் அது ரொம்ப நாளாகச் சூடாகிறது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ, காலடியில் பிசுபிசுப்பும் மீன் வாடையும் இருந்தாலோ ஆள் காலி. டிரான்ஸ்பார்மர், பி.என்.சி. சாக்கெட் போன்ற கனமான பாகங்களின் காலைச் சுற்றி சால்டரில் மெல்லிய வளையம் தெரிந்தால் அது வெடிப்பு. பல்லி எச்சத்துக்குக் கீழே செம்பு பச்சை பிடித்திருக்கும். துடைத்துவிட்டால் இதில் பாதி சாட்சி போச்சு. செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு அப்புறம் பிரஷை எடுங்கள்.

முதலில் உலர்ந்த, மெல்லிய பெயிண்ட் பிரஷ். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்தில் சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கக்கூடாது. 2020-இல் வாங்கி மிஞ்சிய சானிடைசரை ஊற்றும் யோசனை வேண்டாம். அதில் தண்ணீரும் உண்டு, பலவற்றில் கிளிசரினும் உண்டு. படலம் படிந்து புதுக் கசிவு வரும். தின்னர் சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பாலிஸ்டைரீன் கெப்பாசிட்டரையும் தின்னும். பழைய புத்தகங்கள் சொல்லும் கார்பன் டெட்ராகுளோரைடை மறந்துவிடுங்கள். துணியில் எண்ணெய்க் கறை எடுக்கவும் ஒரு காலத்தில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஈரலைக் கெடுக்கும், ஓசோனையும் அரிக்கும். இந்தியாவில் 2010 ஜனவரி 1 முதல் அந்தப் பயன்பாடுகளுக்கு விடை கொடுத்தாயிற்று.

டெக்ட்ரானிக்ஸ் கம்பெனி தன் பழைய ஆசிலாஸ்கோப்புகளை மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டே கழுவி, வெதுவெதுப்பான அடுப்பில் உலர்த்தியது என்றால் நம்புவீர்களா? உண்மைதான். ஆனால் நம் போர்வெல் தண்ணீரில் அதைச் செய்தால் கெட்டிலுக்குள் படிகிற அதே வெள்ளை உப்பு போர்டிலும் படியும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டராக இருக்கணும். டிரான்ஸ்பார்மர், ரிலே, பொட்டென்ஷியோமீட்டர் நனையக்கூடாது.

பேட்டரி கசிந்திருந்தால் அது எந்த வகை என்று பார்க்கவும். ஆல்கலைன், நிக்கல் காட்மியம் என்றால் கசிந்தது காரம். பஞ்சில் கொஞ்சம் வினிகர். மலிவான ஜிங்க் கார்பன் என்றால் அமிலம். சமையல் சோடா கரைசல். இரண்டுக்கும் பிறகு டிஸ்டில்டு வாட்டர், ஆல்கஹால். தங்க முலாம் பூசிய கனெக்டரைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கூட இருக்காது. ரப்பர் கடைசி வழியாக இருக்கட்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகு பவர் கொடுத்து, வேறு எதையும் தொடாமல் சப்ளை வோல்டேஜ்களை அளக்கவும். முதலில் டி.சி., பிறகு அதே இடத்தில் ஏ.சி. ரெகுலேட்டருக்கு முன்னால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸில் அதிகமாக இருந்தால் பில்டர் கெப்பாசிட்டர் மேல் சந்தேகம். 50 ஹெர்ட்ஸ் என்றால் பிரிட்ஜில் ஒரு டயோடு ஓப்பன் ஆகியிருக்கலாம். கெப்பாசிட்டர் காய்வதில் ஆச்சரியமே இல்லை. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால், 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தோராயக் கணக்கு. 45 டிகிரியில் 32,000 மணி நேரம். காற்றுத் துளையைத் தூசி அடைத்து உள்ளே 65 டிகிரி ஆனால் 8,000தான்.

மைனஸ் 12 வோல்ட் வரவில்லை என்று வையுங்கள். உடனே 7912-ஐப் பிடுங்க வேண்டாம். அதிலிருந்து போகும் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். வோல்டேஜ் திரும்பினால் குற்றவாளி அதற்கு அப்பால் இருக்கிறான். பழைய போர்டுகளில் அது பெரும்பாலும் ஷார்ட் ஆன டான்டலம் கெப்பாசிட்டர்தான். அளக்கும்போது ஒரு கவனம்: 7812-இல் நடுக்கால் கிரவுண்ட், 7912-இல் நடுக்கால் இன்புட். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கால்கள் வேறு. 7912-இன் முதுகுத் தகடும் இன்புட்டோடு சேர்ந்ததுதான், சேசிஸில் படக்கூடாது.

கோடு வந்துவிட்டது என்று மூடியைப் போட்டுவிடாதீர்கள். முன்பக்கத்தில் உள்ள காலிபரேஷன் முனையில் ப்ரோபை வையுங்கள். பெரும்பாலான கருவிகளில் அங்கே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கிடைக்கும். அதன் உயரமும் அகலமும் சரியா, மூலை வளையாமல் இருக்கிறதா என்று பார்க்கவும். எந்தப் பாகத்தை, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்து அதைத் திறக்கப்போகும் ஜூனியருக்கு வேலை அங்கிருந்து ஆரம்பிக்கும்.