நீலச் சில்லின் வயது

இத்தாலியின் ராவென்னா நகரில், கல்லா பிளாசிடியா என்ற அரசியின் பெயரால் வழங்கும் சிறு மண்டபத்தின் உட்கூரை ஆழ்ந்த நீல நிறம் கொண்டது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து ஆக்கிய மொசைக் ஓவியம் அது. இத்தகைய நீலத்தைத் தருவது கோபால்ட். கண்ணாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும்! கோபால்ட் அயனி, ஏறத்தாழ 530 முதல் 650 நானோமீட்டர் வரையுள்ள பச்சை, மஞ்சள், ஆரஞ்சு ஒளியை உட்கவர்கிறது. எஞ்சிய நீலம் நம் கண்ணை வந்தடைகிறது.

இத்தகைய ஓவியங்களில் எந்தச் சில்லு பழையது, எது பின்னாளில் பழுதுபார்த்தவர் வைத்தது? இதை அறியாமல் செப்பனிட்டால் மூலச் சில்லையே பெயர்த்துவிட நேரும். நிறத்தை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. எனவே சில்லின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை உமிழ்கிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மணலோடு வந்துசேரும் இரும்பின் 7.06 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர், கோபால்ட்டின் 6.93 கதிரோடு கலந்து குழப்பும். அப்போது உட்கவர் நிறமாலைதான் கைகொடுக்கும்.

வயதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நிறப்பொருளன்று. ஒளி ஊடுருவாதிருக்கச் சேர்த்த பொருள். உரோமானியர் ஆண்டிமனியைச் சேர்த்தனர். அது கால்சியத்துடன் கூடி, நுண்படிகங்களாகி ஒளியைச் சிதறடித்தது. 4ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளீயம் படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது. பச்சைச் சில்லில் குரோமியம் மிகுந்திருந்தால் அது பிற்காலத்தது எனக் கொள்ளலாம். அத்தனிமத்தைக் கண்டறிந்ததே 1797இல்தான். ஆண்டிமனி விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்த சில்லுகளைப் புதிய ஓவியத்தில் மீண்டும் பதிப்பதும் அந்நாளில் உண்டு.